மிக்சரை அளவாகச் சாப்பிடுவதா, வீட்டுக்கே வாங்காமல் விடுவதா?

எடை குறைக்கத் தொடங்குகிறவர்களில் பலர் முதல் வாரத்திலேயே ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். "இனிமே ஸ்வீட், காரம் எதையும் தொடமாட்டேன்" என்று சபதம் எடுப்பவர்கள் ஒரு பக்கம். "எல்லாத்தையும் சாப்பிடலாம், அளவா இருந்தா போதும்" என்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு வழியிலும் எடை குறைத்தவர்கள் உண்டு, தோற்றவர்களும் உண்டு. ஆள் எப்படிப்பட்டவர் என்று பார்த்து வழியைத் தேர்ந்தெடுப்பதைவிட, பண்டம் எது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதே பலன் தரும். மைசூர்பாகை ஒரு துண்டோடு நிறுத்திவிடுகிற அதே ஆள், மிக்சர் டப்பாவைத் திறந்தால் அடி தெரியும்வரை விடமாட்டார். அவருக்கு மைசூர்பாகில் அளவு போதும், மிக்சரை வாங்காமல் இருப்பதே வழி.

எந்தப் பண்டம் எந்தப் பக்கம்: 2 வாரச் சோதனை

கிராம் காட்டும் ஒரு சமையலறைத் தராசு வேண்டும். உங்களுக்குக் கை நீளுகிற பண்டங்களில் 4 அல்லது 5-ஐ மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

1. பண்டத்தில் 30 கிராம் எடை போட்டுக் கிண்ணத்தில் எடுங்கள். டப்பாவை மூடி இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வேறு அறையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.
2. சாப்பிட்டு முடித்து அரைமணி நேரத்துக்குள் மறுபடி டப்பாவிடம் போனீர்களா என்று குறித்துவையுங்கள்.
3. ஒவ்வொரு பண்டத்துக்கும் 4 தடவை: மதியச் சாப்பாட்டுக்குப் பின், மாலையில் பசிக்கும்போது, இரவு டிவி முன்னால், அலுத்துக் களைத்து வந்த ஒரு நாளில்.
4. நான்கிலும் நிறுத்த முடிந்தால் அது அளவுப் பட்டியலில். இரண்டு தடவை அல்லது அதற்கு மேல் திரும்பிப் போயிருந்தால் தவிர்ப்புப் பட்டியலில். ஒரே ஒரு தடவை என்றால், வெளியில் ஒருவேளை அளவாக வாங்கிச் சாப்பிடலாம், வீட்டில் வைக்க வேண்டாம்.

இன்னொரு அறிகுறியையும் கவனியுங்கள். கை போகவில்லை, ஆனால் இரவு முழுக்க அந்த டப்பா நினைப்பாகவே இருந்தது என்றால், அதையும் தோல்வி என்றே குறியுங்கள். நாள்தோறும் மனதோடு மல்லுக்கட்டி 30 கிராமில் நிற்பது சில வாரங்களுக்கு மேல் ஓடாது.

கட்டுப்பாடே இல்லாமல், வயிறு வலிக்கும் அளவுக்கு, பெரும்பாலும் யாருக்கும் தெரியாமல் சாப்பிடும் நிலை வாரத்துக்கு ஒருமுறையாவது வருகிறது, அல்லது சாப்பிட்டதை வாந்தி எடுக்கும் பழக்கம் இருக்கிறது என்றால், இந்தச் சோதனையும் வேண்டாம், தவிர்ப்புப் பட்டியலும் வேண்டாம். தடை போடப் போட அந்த நிலை மோசமாகும். அது சிகிச்சை உள்ள நோய். மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

மிக்சர் ஏன் இவ்வளவு பேரைத் தோற்கடிக்கிறது

ஒரே சுவையைத் திரும்பத் திரும்பச் சாப்பிட்டால் நாக்கு அலுத்துவிடும். நான்காவது லட்டில் முதல் லட்டின் இன்பம் இருக்காது. மிக்சரில் இந்த அலுப்பு வர வழியே இல்லை. ஓமப்பொடி, காராபூந்தி, வேர்க்கடலை, பொட்டுக்கடலை, அவல், கறிவேப்பிலை என்று ஒவ்வொரு வாயும் வேறு. அதோடு எண்ணெய், உப்பு, மொறுமொறுப்பு மூன்றும் சேர்கின்றன. தண்ணீர்ச் சத்து இல்லாததால் வயிறு நிறைவதற்குள் கலோரி ஏறிவிடும். 100 கிராம் மிக்சரில் 500 கலோரிக்கு மேல் இருக்கும். 30 கிராம் என்பது ஒரு பெரிய கைப்பிடி, சுமார் 160 கலோரி. ஏறக்குறைய 3 இட்லிக்குச் சமம். 3 இட்லி வயிற்றில் நிற்பதுபோல் அந்தக் கைப்பிடி நிற்காது.

பாக்கெட் தீனிகளுக்கு வேகமும் சேர்ந்துகொள்கிறது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட ஆய்வில் 20 பேரை 4 வாரம் மருத்துவமனையிலேயே தங்கவைத்து, 2 வாரம் ஆலையில் பெரிதும் பதப்படுத்திய உணவும் 2 வாரம் அதிகம் பதப்படுத்தாத உணவும் கொடுத்தார்கள். பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் ஒப்பாகவே இருந்தன. வேண்டிய அளவு சாப்பிடலாம் என்று விட்டபோது, பதப்படுத்திய உணவில் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், வேகமாகவும் சாப்பிட்டார்கள். ஆகவே டப்பா முன்னால் தோற்பவர்கள் "எனக்கு மனவுறுதி கிடையாது" என்று நொந்துகொள்ள வேண்டாம். பண்டமே அப்படிச் செய்யப்பட்டது.

அளவு என்றால் ஒரு எண்

"கொஞ்சமா சாப்பிடு" என்பது அளவே இல்லை. பசித்த நாளில் கொஞ்சம் என்பது பெரிதாகிவிடும். எடையும் வாரத்துக்கு எத்தனை தடவை என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்: மிக்சர், காராசேவு, தட்டை வகை 25 முதல் 30 கிராம். மைசூர்பாகு, பாதுஷா ஒரு துண்டு, 40 கிராமுக்கு மேல் போகாமல். முறுக்கு வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை அளவு மாறும் என்பதால் புதிதாக வாங்கும் ஒவ்வொரு தடவையும் ஒன்றை எடை போட்டுப் பாருங்கள். சிப்ஸ் என்றால் கடையில் இருப்பதிலேயே சின்னப் பாக்கெட். பெரியதை வாங்கிப் பாதியை மடித்து வைப்பவர்களில் பலர் அன்றைக்கே மடிப்பைப் பிரிப்பார்கள்.

அந்த 160 கலோரி வேறு எதற்காவது மாற்றாக வர வேண்டும், வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் கூடுதலாக அல்ல. நாளுக்கு 500 கலோரி குறைப்பது உங்கள் திட்டம் என்றால், மூன்று கைப்பிடி மிக்சர் அந்தத் திட்டத்தையே தின்றுவிடும். ஆனால் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு மாலைக்குச் சேர்த்து வைக்காதீர்கள். பசியோடு திறக்கும் டப்பாவில் எந்த அளவும் நிற்காது. மதியம் பருப்பு, முட்டை, மீன், தயிர், சுண்டல் என்று புரதம் உள்ள ஏதாவது ஒன்று தட்டில் இருந்தால் 4 மணிக்கு வாய் நமநமப்பது கணிசமாகக் குறையும்.

அளவு முறை பலருக்குக் கெட்டுப்போவது சில வாரம் கழித்துத்தான். தராசை எடுத்து வைத்துவிட்டுக் கண்ணளவில் போடத் தொடங்குவோம், 30 கிராம் மெல்ல 50 ஆகும். ஞாயிறுதோறும் ஒரு தடவை கண்ணளவில் போட்டு, பிறகு எடை பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள். கேழ்வரகு முறுக்கு, கம்பு முறுக்கு, வெல்லம் போட்ட லட்டு என்றால் கணக்கில் வராது என்று நினைப்பதும் அடிக்கடி நடக்கும் தவறு. எண்ணெயில் பொரித்தால் எந்த மாவும் எண்ணெயைக் குடிக்கும். வெல்லத்திலும் சர்க்கரையிலும் கலோரி ஏறக்குறைய ஒன்றே.

காபி, டீயில் போடும் சர்க்கரையை யாரும் பண்டமாக நினைப்பதில்லை. தலைதட்டிய ஒரு தேக்கரண்டி 4 முதல் 5 கிராம். 2 கரண்டி வீதம் 3 தம்ளர் குடித்தால் நாளுக்கு 24 முதல் 30 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் பரிந்துரைத்த விரும்பத்தக்க வரம்பு, 2000 கலோரி சாப்பிடுபவருக்குச் சுமார் 25 கிராம்தான். காபியே அதை முடித்துவிடுகிறது. இதை ஒரே நாளில் நிறுத்தாமல் வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்தால் நாக்கு பழகிக்கொள்ளும்.

தவிர்ப்பதற்கும் எல்லை வேண்டும்

"ஸ்வீட் கிடையாது" என்று மட்டும் சொன்னால் பாயசம் சேர்த்தியா, பிஸ்கட் சேர்த்தியா, பிரசாதம் சேர்த்தியா என்று தினமும் ஒரு வாதம் நடக்கும். பெயர் சொல்லி எழுதுங்கள்: "மிக்சர், காராசேவு, சிப்ஸ். 8 வாரம். வீட்டிலும் இல்லை, வெளியிலும் இல்லை." மூன்றுக்கு மேல் வேண்டாம். பத்துப் பண்டம் எழுதினால் சாப்பிட எதுவும் இல்லை என்ற ஏக்கம் வந்து எல்லாம் ஒரே நாளில் உடையும்.

முதல் சில நாட்கள் ஆசை கூடத்தான் செய்யும். தொடாமலே இருந்தால் சில வாரங்களில் அது தணிவதைப் பலர் உணர்கிறார்கள். நடுவில் "ஒரு வாய் டேஸ்ட்" பார்ப்பதுதான் அதை உயிரோடு வைத்திருக்கும். அந்த நேரத்தை வெறுமையாக விடாமல், அதே 4 மணிக்கு ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலோ கொய்யாவோ வைத்துக்கொள்ளுங்கள். வறுத்த வேர்க்கடலை நல்ல உணவுதான் என்றாலும் 100 கிராமில் மிக்சருக்கு மேலேயே கலோரி இருக்கும். அதையும் எடை போட்டே எடுக்க வேண்டும்.

சோறு, இட்லி, தோசையைத் தவிர்ப்புப் பட்டியலில் சேர்க்காதீர்கள். நாளுக்கு மூன்று வேளை எதிரில் வரும் உணவுக்கு அளவு ஒன்றே வழி. வடித்த சோறு 150 கிராமுக்குச் சுமார் 200 கலோரி. ஒரே தடவை போட்டுக்கொண்டு, மறுசோற்றுக்குப் பதிலாகப் பொரியலையும் கூட்டையும் கூட்டுங்கள்.

உடைந்துவிட்டால்

1975-ல் ஹெர்மன், மேக் என்ற இரு ஆய்வாளர்கள் ஒன்றைக் காட்டினார்கள். உணவைக் கட்டுப்படுத்திவரும் பெண்களுக்கு முதலில் மில்க்‌ஷேக் கொடுத்துவிட்டு, பிறகு ஐஸ்கிரீமை வேண்டிய அளவு சாப்பிடச் சொன்னபோது, மில்க்‌ஷேக் குடிக்காதவர்களைவிட அவர்கள் அதிகம் சாப்பிட்டார்கள். "போச்சு, இன்னைக்குக் கெட்டுப்போச்சு, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று நாம் சொல்வது இதையேதான். நட்டம் முதல் லட்டில் குறைவு, அதற்குப் பிறகு அந்த நாள் முழுக்கச் சாப்பிடுவதில்தான் அதிகம். ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. இரண்டு லட்டால் அது வராது. மறுநாள் தராசு ஒரு கிலோ கூடக் காட்டினாலும் அதில் பெரும்பகுதி உப்பும் மாவுச்சத்தும் பிடித்துவைத்த தண்ணீர், சில நாட்களில் இறங்கிவிடும். அடுத்த வேளை வழக்கமான சாப்பாடு. பட்டினி கிடந்து ஈடுகட்டப் பார்த்தால் அன்று மாலையே மறுபடி உடையும்.

வீட்டிலும் விசேஷத்திலும்

குழந்தைகளுக்கு வாங்கத்தான் வேண்டும் என்றால் உங்களுக்குப் பிடிக்காத வகையைச் சின்னப் பாக்கெட்டுகளாக வாங்குங்கள். கண்ணாடி ஜாடி வேண்டாம். உள்ளே தெரியாத எவர்சில்வர் டப்பா, ஸ்டூல் போட்டு எடுக்கும் உயரத்தில். உறவினர் வீட்டில் "இப்பத்தான் சாப்பிட்டேன்" என்றால் "ஒண்ணே ஒண்ணு" என்று தட்டு நீளும். "வேணாங்க அத்தை, உங்க கையால ஒரு காபி மட்டும் குடுங்க, சர்க்கரை கம்மியா" என்றால் உபசரித்த நிறைவு அவர்களுக்கும் இருக்கும். கல்யாணப் பந்தியில் இனிப்பு இலைக்கு வரும் முன்பே கையைக் காட்டி மறுத்துவிடுங்கள். இலையில் விழுந்தபின் எழுந்துபோவது பலருக்கும் முடியாது.

தீபாவளிக்கு விலக்கு உண்டு, ஆனால் முன்கூட்டியே: எந்த நாள், எத்தனை பலகாரம். வந்து குவியும் ஸ்வீட் பெட்டிகளைப் பிரிப்பதற்கு முன்பே பங்கிட்டுக் கொடுத்துவிடுங்கள்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் உணவைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் பேசி மருந்தின் அளவை முடிவுசெய்ய வேண்டும். சர்க்கரை தாழ்ந்து நடுக்கமும் வியர்வையும் வந்தால் குளுக்கோஸோ சர்க்கரையோ உடனே சாப்பிடுங்கள், அந்த நேரத்தில் அது மருந்து, எந்தப் பட்டியலும் அதைத் தடுக்கக் கூடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் மருத்துவரைக் கேட்காமல் எடைக்குறைப்பில் இறங்க வேண்டாம்.

8 வாரம் முடிந்ததும்

தவிர்த்த பண்டங்களில் ஒன்றை மட்டும் எடுங்கள். முதல் 2 வாரம் வெளியில், ஒருவேளை அளவில், வயிறு நிறைந்திருக்கும் நேரத்தில். பிரச்சினை இல்லை என்றால் 100 கிராம் வீட்டுக்கு வாங்கி, வந்தவுடனே 25 கிராம் வீதம் நான்கு பொட்டலமாகப் பிரித்துவையுங்கள். நான்கும் நான்கு தனித்தனி நாட்களில் தீர்ந்தால் அது அளவுப் பட்டியலுக்கு வந்துவிட்டது, அடுத்த பண்டத்தை எடுக்கலாம். ஒரே மாலையில் இரண்டு பிரிந்தால் மறுபடி 8 வாரம் தவிர்ப்பு. இரண்டாவது சுற்றிலும் அப்படியே நடந்தால் அந்தப் பண்டத்தைச் சோதிப்பதை நிறுத்திவிட்டு, நிரந்தரமாக வீட்டுக்கு வெளியிலேயே விட்டுவிடுங்கள்.