எல்லா வைரஸுக்கும் கால் கிடையாது: வைரஸ் பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வைத்த சிறு தேர்வில், "இன்ஃப்ளூயன்சா வைரஸ் மனித செல்லுக்குள் எப்படி நுழைகிறது?" என்று கேட்டிருந்தேன். பாதிக்கு மேற்பட்ட விடைத்தாள்களில் ஒரே படம். அறுகோணத் தலை, குழாய் மாதிரி வால், கீழே ஆறு கால்கள். செல்மேல் காலூன்றி நின்று ஊசி போடுவதுபோல் டிஎன்ஏவை உள்ளே இறக்குகிறது. பாகங்களைக்கூடச் சரியாகக் குறித்திருந்தார்கள். ஆனால் அது டி4 பேஜ், அதாவது பாக்டீரியாவில் தொற்றும் ஒரு வைரஸ். ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் புகுவது. நம் தொண்டைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. புத்தகத்தில் பெரிதாக வருகிற படம் அதுதான். அதுவே 'வைரஸ்' என்று மனதில் பதிந்துவிடுகிறது. அங்கிருந்துதான் அடுத்த பிழையும் வருகிறது: "வைரஸின் மரபுப்பொருள் மட்டும் உள்ளே போகும், புரதம் வெளியிலேயே நின்றுவிடும்." இதைக் காட்டியது 1952இல் ஹெர்ஷியும் சேஸும் செய்த சோதனை. புரதத்துக்குக் கதிரியக்கக் கந்தகத்தையும் டிஎன்ஏவுக்குக் கதிரியக்கப் பாஸ்பரஸையும் அடையாளமாக வைத்தார்கள். தொற்றிய பாக்டீரியாக்களை மிக்சி போன்ற கருவியில் போட்டுச் சுழற்றியதும், கந்தகத்தின் பெரும்பகுதி கழன்று வந்தது. பாஸ்பரஸ் பாக்டீரியாவோடு தங்கியது. அருமையான சோதனை. ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்டது டி4இன் நெருங்கிய உறவான டி2 பேஜ். பாக்டீரியாவுக்குக் கெட்டியான செல்சுவர் உண்டு, அதனால் துளைக்கிற வால் தேவைப்படுகிறது. நம் செல்லுக்குச் சுவரே கிடையாதே!

இன்ஃப்ளூயன்சா செய்வதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். அதன்மேல் துருத்தி நிற்கும் ஹீமக்ளூட்டினின் என்ற புரதம், நம் செல்லின் பரப்பிலுள்ள சியாலிக் அமிலத்தைப் பற்றிக்கொள்கிறது. உடனே செல் தன் சவ்வைக் குழித்து, ஒரு பையாக்கி, வைரஸை முழுசாக விழுங்கிவிடுகிறது. பைக்குள் போகப் போக அமிலத்தன்மை ஏறுகிறது. அந்தப் புளிப்பு பட்டதும் ஹீமக்ளூட்டினின் உருமாறி, வைரஸின் மேலுறையையும் பையின் சவ்வையும் ஒட்டவைக்கிறது. உள்ளிருந்து எட்டு ஆர்என்ஏ துண்டுகள் வெளிவந்து செல்லின் உட்கருவுக்குப் போகின்றன. அவை வெறுமனே போவதில்லை, தம்மை நகலெடுக்கும் நொதியையும் கூடவே கொண்டுபோகின்றன. அந்த நொதி நம் செல்லில் இல்லை. அதை விட்டுவிட்டு ஆர்என்ஏ மட்டும் போனால் தொற்றே நடக்காது.

"வைரஸ் தேடிப்போய்த் தாக்குகிறது" என்று எழுதுவதையும் விடவேண்டும். அதற்கு நகரும் உறுப்பும் இல்லை, சொந்தமாக ஆற்றல் உண்டாக்கும் வழியும் இல்லை. தற்செயலாக மோதுகிறது, செல்லின் பரப்பில் அது பற்றிக்கொள்ளப் பொருந்தும் மூலக்கூறு (ஏற்பி) இருந்தால் ஒட்டுகிறது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கென்றே ஒரு குழப்பம் உண்டு. மரபுப்பொருளைச் சுற்றியிருக்கும் புரத ஓடான கேப்சிடையும் 'உறை' என்கிறோம், அதற்கு வெளியே சில வைரஸ்கள் போர்த்தியிருக்கும் கொழுப்புப் படலத்தையும் 'உறை' என்கிறோம். நான் வகுப்பில் முதலாவதைப் புரதக்கூடு என்றும் இரண்டாவதை மேலுறை என்றும் பிரித்தே சொல்வேன். புரதக்கூடு வைரஸின் மரபணு சொல்லி உருவாவது. புகையிலைத் தேமல் வைரஸை எடுத்துக்கொண்டால், 300 நானோமீட்டர் நீளக் குச்சி, ஒரே புரதத்தின் ஏறத்தாழ 2,130 பிரதிகளால் அடுக்கிக் கட்டியது. மேலுறையின் கொழுப்போ, வைரஸ் தொற்றிய ஓம்புயிர் செல்லின் சவ்விலிருந்து எடுத்துக்கொண்டது. அதில் செருகிய கூர்முனைப் புரதங்கள்தான் வைரஸுடையவை.

மேலுறை இருந்தால் வைரஸ் அதிக வலுவானது என்று நினைப்பது இதிலிருந்து கிளைக்கும் தவறு. உண்மை நேர் எதிர். சோப்பு கொழுப்பைக் கரைக்கும். மேலுறை போனால் கொரோனா வைரஸ் செயலற்றுப்போகும். மேலுறையே இல்லாத, சுமார் 30 நானோமீட்டர் அளவுள்ள போலியோ வைரஸ், இரைப்பை அமிலத்தையும் தாங்கிக் குடலுக்குப் போய்ச்சேரும். வாந்தி பேதி உண்டாக்கும் நோரோ வைரஸும் இதே வகைதான். அதற்கு ஆல்கஹால் சானிட்டைசரை நம்பாமல், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கையைத் தேய்த்துக் கழுவவேண்டும்.

ஆர்என்ஏ வைரஸ் எல்லாம் ரெட்ரோ வைரஸ் என்று எழுதாதீர்கள். எச்ஐவி ரெட்ரோ வைரஸ், அது தன் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றுகிறது. இன்ஃப்ளூயன்சா, கொரோனா, போலியோ மூன்றும் அப்படிச் செய்வதில்லை.

கடைசியாக, "செல் வெடித்து வைரஸ்கள் வெளியேறும்" என்ற வரி. பேஜுக்குப் பொருந்தும். இன்ஃப்ளூயன்சா செல்லை வெடிக்கவைக்காமல், சவ்விலிருந்து மொட்டுவிட்டுப் பிரிகிறது. அங்கே அதற்கு ஒரு சிக்கல்: உள்ளே வரப் பற்றிய அதே சியாலிக் அமிலம், புது வைரஸ்களையும் போகவிடாமல் பிடித்துக்கொள்ளும். அதை வெட்டிவிடத்தான் நியூராமினிடேஸ் என்ற நொதி இருக்கிறது. இன்ஃப்ளூயன்சாவுக்குக் கொடுக்கும் ஓசெல்டாமிவிர் மாத்திரை தடுப்பது அந்த நொதியை. வெட்ட ஆளில்லாமல் புது வைரஸ்கள் பிறந்த செல்லின் மேலேயே ஒட்டிக் கிடக்கும். அறிகுறி தெரிந்து 48 மணி நேரத்துக்குள் அந்த மாத்திரையைத் தொடங்கச் சொல்வது, அடுத்த செல்களுக்குப் பரவுவதற்கு முன்பே பிடித்து நிறுத்தத்தான்.