மூழ்கிய கூண்டும் இரண்டு காலிப் பாட்டில்களும்

பாலக்காடு மாவட்டம் சித்தூர்ப் பகுதியில் எங்கள் ஊர்க் குளத்தில், வனத்துறை அனுமதியுடன் நம் நாட்டு நன்னீர் ஆமையான காராமைகளைக் கணக்கெடுக்கவும், வளர்ப்பவர்கள் கொண்டுவந்து விட்டுவிடும் அமெரிக்கச் செங்காது ஆமைகளை அகற்றவும் வலைக்கூண்டு வைத்து வருகிறோம். ஐப்பசி மழையில் ஒரே இரவில் நீர் ஒரு முழம் ஏறிக் கூண்டு முழுவதும் மூழ்கிவிட, காலையில் உள்ளே ஒரு காராமை கழுத்துத் தொங்க அசைவற்றுக் கிடந்தது. ஆமை நுரையீரலால் மூச்சு விடுவது என்று தெரிந்திருந்தும் நீர்மட்டத்தை நான் யோசிக்காதது பெரும் பிழை. தலையைத் தாழ்த்திப் பிடித்து, முன்கால்களை மெல்ல இழுத்தும் உள்ளே தள்ளியும் வந்தேன்; மூக்கிலிருந்து நீர் வடிந்து, வெகுநேரம் கழித்தே கண் திறந்தது. இப்போது கூண்டின் மேற்பகுதிக்குள் மூடி இறுக்கிய 2 லிட்டர் காலிப் பாட்டில்கள் இரண்டைக் கட்டி, கரைக் கயிற்றைத் தளர்வாக விடுகிறேன். நீரோடு கூண்டும் உயர்கிறது. ஓட்டு விளிம்பில் அரத்தால் இட்ட அடையாளத்தோடு அதே ஆமை மாசியில் மறுபடியும் சிக்கியது.