பாசிக்குத் தீனி போடுவது நாம் குடிக்கிற தண்ணீர்தான்

போன மாதம் கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு தம்பி தன் மரைன் (கடல்நீர்) மீன்தொட்டியைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். மூன்றடித் தொட்டி. பாறை முழுக்கப் பச்சை நூல்பாசி, ஆட்டுத் தாடி மாதிரி நீரோட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தது. கீழே ஒரே கேள்வி: "அண்ணா, என்ன மருந்து ஊத்தட்டும்?"

எட்டு வருடத்துக்கு முன் தருமபுரியில் எங்கள் வீட்டு ஹாலில் இருந்த தொட்டியும் இதே கோலத்தில்தான் நின்றது. நானும் இதையேதான் கேட்டேன். ஜன்னல் வெயில் படக் கூடாது, தீனியை அள்ளிக் கொட்டக் கூடாது என்பதெல்லாம் முதல் வாரமே காதில் விழுந்துவிடும், அதை விடுங்கள். அதற்குப் பிறகும் நாம் செய்கிற தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

குடிநீரை ஊற்றுவது

"தொட்டிக்கு எந்தத் தண்ணி ஊத்துற?" என்று கேட்டேன். "ஆர்.ஓ. தண்ணிதாண்ணா. நாங்களே அதைத்தானே குடிக்கிறோம்."

இந்தப் பதிலைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் சுர்ரென்று ஏறும். ஏனென்றால் பதினோரு மாதம் இதையே நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். மனுஷன் குடிக்கிற தண்ணீர் மீனுக்கு ஆகாதா என்று எதிர்க்கேள்வி வேறு.

நம் பக்கத்து போர் தண்ணீர் எப்படி என்று உங்களுக்கே தெரியும். ஃபுளோரைடு பல்லில் கறையாகத் தெரிந்த மாவட்டம் இது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். ஆனால் பாசியைப் பொறுத்தவரை குற்றவாளி ஃபுளோரைடு இல்லை. தோட்டத்து யூரியாவும் செப்டிக் டேங்க் கசிவும், பாசிக்கு உரமான நைட்ரேட்டாக நிலத்தடிக்கு இறங்குகின்றன. பாறையிலிருந்து சிலிக்கா கரைகிறது, அது பழுப்புப் பாசிக்குத் தீனி. எங்கள் வீட்டு போரில் டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 1400.

இதில் வீட்டு ஆர்.ஓ. செய்கிற வேலை என்ன? மெம்பிரேன் வடிகட்டித் தருவதை அப்படியே குடித்தால் சப்பென்று இருக்கும். அதனால் பல மெஷின்களில் உள்ளே ஒரு சின்னத் திருகு இருக்கும், டி.டி.எஸ். கண்ட்ரோலர் என்பார்கள். மாட்ட வருகிறவர் அதைத் திருகி, மெம்பிரேன் வழியாகப் போகாத போர் தண்ணீரைக் கொஞ்சம் திரும்பக் கலந்துவிட்டு, "இப்ப குடிச்சுப் பாருங்க சார், ருசியா இருக்கும்" என்பார். ருசியாகத்தான் இருக்கும். பாசிக்கும்.

கணக்கைப் பாருங்கள். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க வசதியில்லாமல் நான் தொட்டி மேல் ஃபேன் வைத்திருந்தேன். கோடையில் ஒரு நாளைக்கு 4 லிட்டர் ஆவியாகும், மாதம் 120 லிட்டர். ஊற்றிய தண்ணீரில் நைட்ரேட் லிட்டருக்கு 10 மில்லிகிராம் இருந்தது. அப்படியானால் மாதம் 1200 மில்லிகிராம். 200 லிட்டர் தொட்டியில் அது 6 பி.பி.எம். (லிட்டருக்கு 6 மில்லிகிராம்) ஏற்றம், தீனியால் சேர்வது தனி. ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர் மட்டும். அதோடு வந்ததெல்லாம் உள்ளேயே தங்கிவிடும்.

இது தெரியாமல் நான் லைட்டை மாற்றினேன், கழிவை நுரையாக்கி எடுக்கும் பெரிய ஸ்கிம்மர் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் டூத் பிரஷ்ஷோடு பாறைகளைத் தேய்த்தேன். ஒருமுறை பாசி மருந்து ஒரு பாட்டில். அதில் செம்பு இருந்திருக்கிறது. மறுநாள் காலை நத்தைகள் எல்லாம் மல்லாந்து கிடந்தன. கடைசியில் 200 ரூபாய் டி.டி.எஸ். மீட்டரைச் சமையலறைக் குழாயில் பிடித்தபோது 110 காட்டியது. அதை முதல் நாளே வாங்கியிருக்கலாம்.

செய்ய வேண்டியது இதுதான். திருகுக்கு முன்பே, மெம்பிரேனிலிருந்து நேராக ஒரு 'டி' இணைப்பு போட்டுக் குழாய் எடுங்கள். அதை, மிச்சம் கரைந்திருப்பதையும் பிடித்துவைத்து, தீரும்போது கலர் மாறும் டி.ஐ. ரெசின் வழியாக விடுங்கள். மீட்டர் 0 காட்ட வேண்டும். 1400 டி.டி.எஸ். தண்ணீரில் நல்ல மெம்பிரேனே 70 வரை விட்டுவிடும், ரெசின் சீக்கிரம் தீரும். அதனால் மெம்பிரேனுக்கும் ரெசினுக்கும் நடுவிலும் அளந்து பாருங்கள். அங்கே எண் ஏறினால் மெம்பிரேனை மாற்றுங்கள். இன்னொன்று: ரெசின் தீரும்போது முதலில் நழுவுவது சிலிக்கா, அது மீட்டரில் சரியாகத் தெரியாது. 0 காட்டும்போதே மணலில் பழுப்புத் தூள் படிந்தால் ரெசினைச் சந்தேகப்படுங்கள்.

தம்பிக்கு இதையெல்லாம் சொன்னேன். அவன் அவசரத்தில் 'டி' போடாமல் திருகையே முழுசாக மூடிவிட்டான். தண்ணி ஏன் சப்புன்னு இருக்கு என்று அவன் அம்மா ரெண்டு நாள் திட்டினாராம்.

டெஸ்ட் கிட்டில் 0 வந்ததும் நிம்மதியாவது

தொட்டி நிறையப் பாசி, நைட்ரேட் 0, பாசியின் இன்னொரு உரமான பாஸ்பேட்டும் 0. எப்படி? பாசி சாப்பிட்டுவிட்டது. நீங்கள் அளப்பது அது மிச்சம் வைத்ததை.

அப்புறம் நிஜமாகவே 0 ஆக்குகிறேன் என்று பாஸ்பேட் உறிஞ்சியைக் கொட்டாதீர்கள். நான் கொட்டினேன். நூல்பாசி போய் டைனோ (டைனோஃபிளாஜெலேட்) என்ற நுண்ணுயிர் வந்தது. பழுப்புச் சளி, நுனியில் குமிழ். இதற்கு நூல்பாசியே தேவலை. நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பி.பி.எம். வரை இருக்கட்டும்.

மூன்று நாள் லைட்டை அணைப்பது

சயனோ என்ற பாக்டீரியாவின் சிவப்புப் படலம் மறையும். காரணம் அப்படியே இருந்தால் திரும்ப வரும்.

குமிழ்ப் பாசியை நசுக்குவது

வேண்டாம். உடையாமல் பெயர்த்தெடுங்கள்.

ஒரே நாளில் முப்பது நத்தை

பாசி தீர்ந்ததும் பட்டினி கிடந்து சாகும், செத்ததும் அழுகும். ஐந்தாறில் ஆரம்பியுங்கள்.

கடலிலிருந்து எடுத்த பாறை

"ராமேஸ்வரம் பக்கத்துச் சரக்கு, உயிரோட இருக்கு" என்று யாராவது பெட்டியைத் திறந்து காட்டுவார். அதில் பாசி வித்தும் உயிரோடுதான் இருக்கும். அதைவிட முக்கியம், அந்தப் பாறை பெரும்பாலும் பவளம்தான், கல் பவளங்கள் எல்லாமே 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் உச்சப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் இருக்கின்றன. பெட்டியை மூடச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். செராமிக் பாறை போதும், நான்கைந்து மாதத்தில் அதுவும் ஊதா நிறம் பிடித்துவிடும்.