சுரங்கத்து அமில நீர்: நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்

கைவிடப்பட்ட சுரங்கத்திலிருந்து வரும் ஓடையைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் தேடுவது துருப்பிடித்த ஆரஞ்சு நிறத்தைத்தான். ஆரஞ்சாக இருந்தால் மாசு, தெளிவாக இருந்தால் நல்ல தண்ணீர் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இதைவிட ஆபத்தான தவறு வேறில்லை.

பூமிக்குள் இருந்த பைரைட், அதாவது இரும்பு சல்பைடு, தோண்டியபின் காற்றும் நீரும் பட்டுச் சல்பூரிக் அமிலத்தை உண்டாக்குகிறது. கூடவே இரும்பும் கரைகிறது. தானாக நடந்தால் இது மெதுவான வேலை. ஆனால் அமிலத்திலேயே வாழும் சில பாக்டீரியாக்கள் கரைந்த இரும்பை வெகு வேகமாக ஆக்சிஜனேற்றம் செய்கின்றன. அந்த இரும்பு திரும்பவும் பைரைட்டை அரிக்கிறது. இப்படிப் பெருகும் அமிலம், பாறையிலுள்ள தாமிரம், துத்தநாகம், காட்மியம், அலுமினியம் எல்லாவற்றையும் கரைத்து எடுத்துக்கொண்டு ஓடையில் இறங்குகிறது.

நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு (7 நடுநிலை, குறையக் குறைய அமிலம் அதிகம்) 3-க்குக் கீழே இருக்கும்போது இரும்பு பெரும்பாலும் கரைந்தேதான் இருக்கும். தண்ணீர் பளிங்கு மாதிரி தெரியலாம். கீழே நல்ல நீரோடை ஒன்று வந்து கலந்து அமிலம் தணிந்த பிறகுதான் ஆரஞ்சுப் படிவு விழும். அந்தப் படிவும் கெடுதல்தான்; கற்களின் மேல் பூசிக்கொண்டு, அடியில் வாழும் பூச்சிகளை மூச்சுத் திணற வைக்கிறது. ஆனால் அதைவிட மோசமான நீர், மேலே தெளிவாக ஓடுகிற பகுதியில் இருக்கலாம்.

சரி, பிஎச் 7 வந்துவிட்டால் பிரச்சினை முடிந்ததா? இல்லை. இரும்பும் அலுமினியமும் அதற்கு முன்பே படிந்துவிடும். துத்தநாகமும் காட்மியமும் மாங்கனீசும் அப்படியில்லை. நடுநிலை நீரிலும் கரைந்தபடியே பல கிலோமீட்டர் போகும். நீர் சுண்ணாம்புப் பாறை வழியாக வந்ததால் அமிலம் போய்விட்டது என்பதற்காக உலோகமும் போய்விட்டது என்று நம்பக்கூடாது.

பிஎச் அளவை ஆய்வகத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதும் தவறு. சுரங்க வாயில் பிடித்த தெளிவான நீரை ஒரு புட்டியில் வைத்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் மங்கும், அப்புறம் அடியில் துருநிறத் தூள் இறங்கும். கரைந்த இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து படியும்போது புதிதாக அமிலம் உண்டாவதால், பிஎச் அளவும் இறங்கிவிடும். ஆய்வகம் அளப்பது ஓடை நீரையே அல்ல. அதனால் பிஎச்சை அந்த இடத்திலேயே அளக்க வேண்டும். கரைந்த உலோகத்துக்கான மாதிரியையும் அங்கேயே வடிகட்டி, அதன் பிறகே நைட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டும். வரிசை மாறினால் மிதக்கும் படிவும் கரைந்து கணக்கில் ஏறிவிடும்.

ஒரே ஒரு பகல்வேளை மாதிரியை நம்பாதீர்கள். பகலில் பாசிகளின் ஒளிச்சேர்க்கையால் பிஎச் ஏறி, துத்தநாகம் கற்களில் ஒட்டிக்கொள்ளும், இரவில் விடுபடும். அதனால் ஒரே ஓடையில் விடியற்காலைத் துத்தநாகம் பிற்பகலைவிட இரண்டு மூன்று மடங்குகூட இருக்கலாம். வறண்ட காலத்துக்குப் பிந்தைய முதல் மழை இன்னும் கொடியது. கழிவுக் குவியல்களின் மேல் பூத்திருக்கும் உலோக உப்புகளை அது ஒரேயடியாகக் கரைத்துக் கொண்டுவரும்.

செறிவை மட்டும் பார்த்து எந்தச் சுரங்கத்தை முதலில் கவனிப்பது என்று தீர்மானிப்பதும் சரியல்ல. லிட்டருக்கு 10 மில்லிகிராம் துத்தநாகத்தோடு நொடிக்கு 1 லிட்டர் கசியும் சுரங்கம் ஆற்றுக்கு அனுப்புவது நொடிக்கு 10 மில்லிகிராம். லிட்டருக்கு வெறும் 0.5 மில்லிகிராம்தான், ஆனால் நொடிக்கு 100 லிட்டர் வருகிறது என்றால் 50 மில்லிகிராம். நீரோட்டத்தையும் அளக்காமல் இது தெரியவே தெரியாது.

கடைசியாக, சுரங்கத்தை மூடியதும் மாசு நிற்கும் என்ற எண்ணம். நடப்பது பெரும்பாலும் நேர்மாறு: பம்புகள் நின்றதும் நீர்மட்டம் ஏறி, சுவர்களில் படிந்த உப்புகளையெல்லாம் கரைக்கிறது. இங்கிலாந்தின் கார்ன்வாலில் உள்ள வீல் ஜேன் தகரச் சுரங்கம் 1991-இல் மூடப்பட்டது. 1992 ஜனவரியில் அமில நீர் உடைத்துக்கொண்டு வெளியேறி, கார்னன் ஆறு வழியாகக் கழிமுகம் வரை ஆரஞ்சு நிறமாக்கியது. சுரங்க நீரைப் பம்ப் செய்து சுண்ணாம்பு கலந்து உலோகத்தைப் பிரித்தெடுக்கும் வேலை அதன்பின் ஆண்டுக்கணக்காகத் தொடர்கிறது.