மொட்டைமாடிக் கூண்டுக்கு இரண்டாவது வலை

லவ் பேர்ட்ஸ் கூண்டை மொட்டைமாடியிலோ முற்றத்திலோ வைத்திருந்தால், அதைச் சுற்றி 3 அங்குல இடைவெளி விட்டு, அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ்ஷை (கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த சதுரக் கண் வலை) இரண்டாவது அடுக்காகக் கட்டுங்கள். மேல்பக்கத்தையும் விடாதீர்கள்.

பூனை கூண்டை உடைக்க வேண்டியதே இல்லை. குருவிகள் கம்பியைப் பற்றிக்கொண்டு தொங்கும். வெளியிலிருந்து ஒரு நகம் பட்டாலே கால் போய்விடும். காகமும் வல்லூறும் அப்படித்தான் கம்பிக்கு வெளியே இருந்தே தாக்கும். நடுவில் இடைவெளி இருந்தால் நகமும் அலகும் எட்டாது. புது ஜி.ஐ. கம்பியின் (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி) பூச்சைக் கொறித்தால் குருவிகளுக்கு விஷம். வெளி அடுக்கு அலகுக்கு எட்டாததால் அந்தப் பயமும் குறைவு. அறுகோணக் கண் உள்ள கோழி வலை மட்டும் வேண்டாம், நாய் இழுத்தாலே கிழிந்துவிடும்.

பாம்பு நடமாட்டம் உள்ள இடத்தில் இதை நம்பாதீர்கள். குட்டிப் பாம்பு அரை அங்குலத்தில் நுழைந்துவிடும். இராத்திரியில் பூனை நிழலைப் பார்த்தே மிரண்டு, படபடத்து அடிபடும் குருவிகளும் உண்டு. அங்கெல்லாம் பொழுது சாய்ந்ததும் கூண்டை வீட்டுக்குள் எடுத்து வைப்பதுதான் சரி.