திசை மாறும் தடங்களில் தரை விளக்குகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலையில் ஒரு திசைக்கும் மாலையில் எதிர்த்திசைக்கும் திறந்துவிடப்படும் தடங்களில், கோட்டை ஒட்டி எல்.இ.டி. விளக்குகளைச் சாலையிலேயே பதிப்பது நல்ல ஏற்பாடு. மழை இரவில் பெயின்ட் கோடு மறைந்தாலும் விளக்கு தெரியும். ஆனால் தலைக்கு மேல் இருக்கும் தடச் சிக்னலை இது ஈடுசெய்யாது. வண்டிகள் நெருக்கியடித்து நிற்கும்போது தரையிலுள்ள விளக்கு முன்வண்டிக்கு அடியில் போய்விடும். தடம் திசை மாறுவதும் அந்த நெரிசல் வேளையில்தான். பச்சை அம்போ சிவப்புப் பெருக்கல் குறியோ, சாலையில் எங்கிருந்து பார்த்தாலும் குறைந்தது ஒன்று, முடிந்தால் இரண்டு, கண்ணில் பட வேண்டும்.

அதிக ஆபத்து மாற்றும் அந்தச் சில நிமிடங்களில். ஒரு பக்கத்தை மூடிய கையோடு மறுபக்கத்தைத் திறக்கவே கூடாது. நடுவில் இரு பக்கமும் சிவப்பாக இருக்கும் நேரம் வேண்டும். அதைப் பலகையிலுள்ள வேக வரம்பை வைத்துக் கணக்கிடுவது பெரிய தவறு. 1.5 கி.மீ. தடத்தை 50 கி.மீ. வேகத்தில் கடக்க 108 விநாடி போதும். நெரிசலில் 20 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால் 270 விநாடி ஆகும். பெரிய எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன்பிறகும் தடம் காலியாகிவிட்டதை கேமராவிலோ சென்சாரிலோ உறுதிசெய்தபின் திறவுங்கள்.

'சிவப்பு எரிந்தால் மூடியது, எரியாவிட்டால் திறந்தது' என்று அமைக்கவே வேண்டாம். மின்சாரம் போனால் அதே தடம் இரு திசைக்கும் திறந்ததாகிவிடும். விளக்கு அணைந்திருந்தால் நுழைய அனுமதியில்லை என்றே பொருள்பட வேண்டும். கன்ட்ரோலர் கட்டளை அனுப்பியதை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு மின்சுற்றிலும் மின்னோட்டம் உண்மையில் பாய்கிறதா என்று அளக்க வேண்டும். ஒன்றுவிட்டு ஒன்றாக விளக்குகளை இரண்டு தனி மின்சுற்றுகளில் கொடுத்தால், ஒன்று பழுதானாலும் கோடு அறுபடாது.

கேபிளில் பலர் கோட்டை விடுகிறார்கள். 24 வோல்ட், 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி, 500 மீட்டர் தூரம்: போக வர சுமார் 7 ஓம் தடை. கடைசி முனையில் 2 ஆம்பியர் சுமை இருந்தால் கிட்டத்தட்ட 14 வோல்ட் வழியிலேயே போய்விடும். கடைசி விளக்குகள் மங்கும், அல்லது எரியவே எரியாது. தடிமனான கம்பி போடுங்கள், அல்லது மின்வழங்கியை நடுவில் வையுங்கள்.

பதிக்கும்போது குழியில் துளையிடும்போது உண்டான சேறு சிறிதும் இருக்கக்கூடாது. கழுவி, உறிஞ்சி, முழுதாக உலர்த்தியபின்தான் எபாக்ஸி பசை ஊற்ற வேண்டும்; ஈரத்தில் ஊற்றினால் பிடிப்பு விட்டு, லாரிச் சக்கரம் ஏற ஏற விளக்கு ஆட ஆரம்பிக்கும். விளக்கு உடல் ஐ.பி.68 தரத்தில் (தூசும் தண்ணீரும் புகாத தரம்) இருந்தாலும் தண்ணீர் புகுவது பெரும்பாலும் கேபிள் இணைப்பில்தான். பகலில் சூடாகி இரவில் குளிரும்போது இணைப்பு ஈரத்தை உள்ளே இழுக்கும்; ரெசின் நிரப்பிய இணைப்பே போடுங்கள். சக்கரம் ஓடும் பாதையைத் தவிர்த்து கோட்டோரமாகவே பதியுங்கள். அமெரிக்கச் சாலைக் குறியீட்டு விதிப்படி, சாலையில் பதிக்கும் விளக்கு மேற்பரப்புக்கு மேல் முக்கால் அங்குலத்துக்கு, அதாவது சுமார் 19 மி.மீ.க்கு மிகக்கூடாது, இருசக்கர வண்டிகள் அதிகமுள்ள சாலையில் மட்டத்தோடு மட்டமாக இருப்பதே நல்லது.

ஒரே வெளிச்சம் பகலுக்கும் இரவுக்கும் சரிவராது. வெயிலில் தெரியும் அளவுக்கு ஏற்றியது இரவில் கண்ணைக் கூசவைக்கும். ஒளி சென்சார் வைத்துத் தானாகக் குறையும்படி செய்யுங்கள். புதுத் தார் போடும் திட்டம் இருந்தால் விளக்கு வேலையை அதற்குப் பின் தள்ளுங்கள். 4 செ.மீ. தார் மேலே விழுந்தால் எல்லா விளக்கும் புதைந்துவிடும், பழைய தாரைச் சுரண்டி எடுத்தாலோ கேபிளும் சேர்ந்து போகும்.