கௌபாய் காதல் நாவலில் ரகசியம் சொதப்பும் இடங்கள்

கதை இன்றைய அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் நடக்கிறது. தாத்தா இறந்துபோகிறார், எப்போதோ ஊரைவிட்டுப் போன பேத்தி திரும்பி வருகிறாள், மாட்டுப் பண்ணையை நடத்துகிறவன் எதையோ மறைக்கிறான். இதுவரை யார் எழுதினாலும் வந்துவிடும். சறுக்கல் அடுத்த அத்தியாயத்தில் ஆரம்பிக்கிறது: அவன் மறைப்பது, மறைக்கவே முடியாத ஒன்று.

‘தாத்தா யாருக்கும் தெரியாமல் பண்ணையை அடமானம் வைத்துவிட்டார்’ என்று 200 பக்கம் இழுப்பதைத்தான் அடிக்கடி பார்க்கிறோம். அமெரிக்காவில் நிலப் பத்திரமும் அடமானமும் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஆவண அலுவலகத்தில் பதிவாகின்றன. யார் போய்க் கேட்டாலும் பார்க்கலாம், நம்மூரில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பதுபோல. படித்த, நகரத்தில் வேலை பார்த்த நாயகி முதல் வாரமே அங்கே போகாவிட்டால் அவள் ஏமாந்ததற்கு வாசகர் வருத்தப்பட மாட்டார், எரிச்சல்தான் படுவார்.

சரி, எதை ஒளிக்கலாம்? நிலம் குடும்ப டிரஸ்டின் பேரில் இருந்தால் பதிவேட்டில் டிரஸ்டியின் பெயர் தெரியும். பலன் யாருக்கு, எத்தனை பங்கு என்று சொல்லும் ஒப்பந்தம் பெரும்பாலும் பதிவுக்கே வராது. வேலையாள் என்று அவள் நினைத்தவன் அந்த ஒப்பந்தத்தில் ஒரு பங்குதாரன் என்றால், அது நிற்கும் ரகசியம். கைப்பட எழுதிய உயிலும் உதவும். மொன்டானாவில் முக்கியப் பகுதிகளும் கையெழுத்தும் எழுதியவரின் கையாலேயே இருந்தால் சாட்சி இல்லாமலே செல்லும். ஆனால் நிலப் பத்திரம் வேறு கதை: எழுதிக் கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போதே அதை ஒப்படைத்திருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டு மேசை இழுப்பறையிலேயே வைத்திருந்து அவர் கண்ணை மூடிவிட்டால் அது வெறும் காகிதம். இந்த இரண்டையும் குழப்பினால் உச்சக்கட்டமே கவிழ்ந்துவிடும். அதேபோல, ‘தாத்தா எண்ணெய் உரிமையை விற்றுவிட்டார்’ என்று எழுதுமுன் குடும்பத்துக்கு நிலம் எப்படி வந்தது என்று முடிவு செய்யுங்கள். 1916-ம் ஆண்டின் கால்நடை வளர்ப்புக் குடியேற்றச் சட்டப்படி 640 ஏக்கர் வரை வாங்கியவர்களுக்கு மேல்நிலம் மட்டும்தான் சொந்தம். அடியிலிருக்கும் எண்ணெய் உள்ளிட்ட கனிமத்தை மத்திய அரசு தன்னிடமே வைத்துக்கொண்டது. இல்லாததை எப்படி விற்பார்?

‘உண்மையான அப்பா வேறு’ என்ற ரகசியத்துக்கு இப்போது எதிரி எச்சில் குழாய். தூரத்து உறவினர் யாராவது டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பினாலே குட்டு உடையும் காலம் இது. அதை மறந்துவிட்டு எழுதுவது ஒரு தவறு. சோதனை எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று எழுதுவது இன்னொரு தவறு. ஒரே அப்பாவுக்கு வெவ்வேறு தாய்களிடம் பிறந்தவர்கள் டி.என்.ஏ.வில் சுமார் 25 சதவீதம் பகிர்வார்கள்; தாத்தாவும் பேத்தியும், சித்தப்பாவும் அண்ணன் மகளும் ஏறக்குறைய அதே அளவுதான். எண் வந்தபிறகும் ‘இவன் யார்’ என்ற கேள்வி மிச்சமிருக்கும். அந்த மிச்சத்தில்தான் கதை இருக்கிறது. ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: நாயகனும் நாயகியும் அண்ணன் தங்கையோ என்ற சந்தேகத்தை ஒரு பக்கத்துக்குக்கூடக் கிளப்ப வேண்டாம். காதல் கதை வாசகர் திரும்பி வரமாட்டார்.

நம்பிக்கை உடைவதற்கு வருவோம். அரைகுறையாகக் காதில் விழுந்த போன் பேச்சு, தப்பாகப் புரிந்துகொண்ட அணைப்பு, இவையெல்லாம் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் தீர்ந்துவிடும். அவன் உண்மையிலேயே மறைத்திருக்க வேண்டும். மறைத்ததற்கு இன்னொருவருக்குக் கொடுத்த வாக்கு காரணமாக இருக்க வேண்டும். ஒருமுறையாவது சொல்ல வாயெடுத்து நின்றிருக்க வேண்டும். இடமும் முக்கியம். 80,000 சொல் நாவலில் உண்மையை 75,000-ல் உடைத்தால் மன்னிப்புக்கு ஒரு அத்தியாயம்கூட மிஞ்சாது. 55,000 வாக்கில் உடையுங்கள்.

அதன்பிறகு ரோடியோ (முரட்டுக் குதிரை, காளை அடக்கும் போட்டி) மைதானத்தில் மைக்கைப் பிடித்து மன்னிப்புக் கேட்பதும், வங்கிக் கடனை ஒரே நாளில் அடைப்பதும் பலன் தராது. கடன் தீரும், சந்தேகம் தீராது. காகிதத்தை மறைத்தவன் மீதிக் காகிதங்களை, தன் பங்கைக் குறைக்கும் காகிதம் உட்பட, அவள் கேட்குமுன் கொண்டுவந்து வைக்க வேண்டும்.

பண்ணையின் நாள்காட்டியும் இதற்குக் கைகொடுக்கும், தெரிந்து எழுதினால். மாட்டின் சினைக்காலம் சுமார் 283 நாள். ஜூன் முதல் வாரத்தில் பொலிகாளைகளை விட்டால் மார்ச் நடுவில் கன்றுகள் விழத் தொடங்கும். மே, ஜூனில் கன்றுகளுக்கு அடையாளச் சூடு போடுவார்கள், கோடையில் புல்லறுப்பு, அக்டோபர், நவம்பரில் கன்றுகளைத் தாயிடமிருந்து பிரித்து விற்பனைக்கு லாரியேற்றுவார்கள். பணம் வருவது பெரும்பாலும் அந்த ஒருமுறைதான். ஆகஸ்டில் நாயகனை வேலையில்லாமல் குதிரையில் உலாவவிடும் கதைகளைப் படித்தால் கோபம் வருகிறது. மார்ச்சில் தலைச்சன் கிடேரிகளை இரவில் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். உறைபனியில் விழுந்த கன்றைத் துடைத்துச் சூடேற்றி, சில மணி நேரத்துக்குள் 2 லிட்டர் சீம்பால் உள்ளே போகவைக்க வேண்டும், தாமதமானால் அதன் குடல் எதிர்ப்புச் சக்தியை உறிஞ்சாது. பேசாமல் இருக்கும் இருவரை இந்தக் கொட்டகையில் அதிகாலை இரண்டு மணிக்குச் சேர்த்துவிடுங்கள். அவள் தூங்கட்டும் என்று அவன் அடுத்த முறையையும் தானே பார்த்துக்கொண்டால் வசனம் தேவைப்படாது.

சில்லறைத் தவறுகள்: தொப்பியை விளிம்பு கீழே படும்படி மேசையில் வைக்கமாட்டார்கள், மல்லாத்தி, உச்சி கீழே இருக்க வைப்பார்கள். வழியிலிருக்கும் கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போக வேண்டும்; இறங்கித் திறப்பது பக்கத்து இருக்கைக்காரரின் வேலை. ‘உங்களிடம் எத்தனை மாடு?’ என்று பண்ணைக்காரரைக் கேட்கவே கூடாது, பாஸ்புக்கைக் காட்டச் சொல்வதற்குச் சமம். நாயகி வந்த முதல் நாள் அதைக் கேட்டுச் சங்கடப்படட்டும். கடைசிப் பகுதியில் அவள் கேட்காமலே அவன் அந்த எண்ணைச் சொன்னால், முத்தக் காட்சியை வெட்டினாலும் நஷ்டமில்லை.